புரோட்டா சாப்பிட்டதற்கு அம்மாவின் மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 29. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை அடைத்து, ஸ்கூட்டியில் தக்கலைக்குத் திரும்பும்போது வாரத்தில் நாலு நாள் சாலையோரம் நிற்கும் வேன் கடையில்தான் சாப்பாடு. உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. மூன்று மாதமாக மொபைலில் ஆப் வைத்துக் கணக்குப் பார்த்து 1200 கலோரிக்குள் நிறுத்துகிறேன், மதியம் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை. புரோட்டா சாப்பிடுகிற நாளில் மட்டும் அம்மாவின் சுகர் மாத்திரையில் ஒன்றை (க்ளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது) கடையிலிருந்து கிளம்பும்போதே போட்டுக்கொள்கிறேன். நடு ராத்திரி கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து விழித்துவிடுகிறேன். கொலைப்பசி எடுக்கும், ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்றால்தான் தூக்கம் வரும். ஒரு நாள் வேன் வராமல் சாப்பிடாமலே வந்தபோது வில்லுக்குறி பக்கம் கண் இருட்டி வண்டியை ஓரம் கட்டினேன். காலையில் வயிறு கலக்குகிறது, முடியும் கொட்டுகிறது. மைதாவில் இருக்கும் ரசாயனம் கணையத்தை அழித்துவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், அஜினோமோட்டோ எல்லாமே பயமாக இருக்கிறது. போன வருடம் அம்மாவுக்குக் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். எனக்கும் சுகர் ஆரம்பித்துவிட்டதா?

பதில்: அம்மாவின் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். நாளை முதல் என்று வேண்டாம், இனிமேல் அளவாகப் போடுகிறேன் என்றும் வேண்டாம். நேற்று ராத்திரி போட்டிருந்தால் இன்று ஸ்கூட்டியையும் எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

நடு ராத்திரி வரும் அந்த நடுக்கத்தைச் சுகர் ஆரம்பித்த அடையாளம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். விஷயம் நேர் எதிர். உங்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை, ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது, அதை இறக்குவது நீங்கள் விழுங்கும் மாத்திரை. கை நடுக்கம், வியர்வை, பொறுக்க முடியாத பசி, கண் இருட்டு என்று நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து மருத்துவ மாணவர்களுக்குத் தாழ்சர்க்கரையின் அடையாளங்கள் என்று பாடம் நடத்தலாம்.

அந்த மாத்திரையில் இருப்பது மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன், அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கூடச் சேர்ந்திருக்கும் க்ளிமிபிரைடு அப்படிப்பட்டதல்ல. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுகிற மருந்து, ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வேலை செய்யும் பக்குவம் அதற்குக் கிடையாது. பல வருடமாகச் சர்க்கரை கூடியே இருக்கும் உங்கள் அம்மாவின் உடம்புக்கு ஒரு மருத்துவர் அளந்து கொடுத்தது அது. உங்கள் கணையமோ, பார்த்தவரைக்கும், தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிற கணையம். மதியம் பட்டினி கிடந்து ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைந்திருக்கும் நேரத்தில் அதைப் போய்ப் பிழிகிறீர்கள். ராத்திரி தின்ற புரோட்டாவின் சர்க்கரை தீர்ந்த பிறகும் மாத்திரை அடங்குவதில்லை, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அதன் வேலை நடக்கும்.

அந்தப் பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றி எவ்வளவு கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. கூச்சப்பட வேண்டாம். அந்த ராத்திரிகளில் உங்களைக் காப்பாற்றியது அந்தப் பிஸ்கட்தான். எனக்குப் பயமெல்லாம், இனிமேல் மனக்கட்டுப்பாட்டோடு இருக்கிறேன் என்று பிஸ்கட்டைத் தொடாமல் நீங்கள் திரும்பிப் படுக்கப்போகும் அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான். தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி நோன்பு இருந்துகொண்டு சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கி, வீட்டில் யாரும் எழுப்ப முடியாத நிலையில் கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களும் படுக்கும்போது லேசாக நடுங்குகிறது என்றுதான் சொல்லிவிட்டுப் படுத்தவர்கள்.

வில்லுக்குறியில் நடந்ததை ஒரே வரியில், முடி கொட்டுவதற்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை உட்கார வைத்த வரி அது. மாத்திரை உள்ளே போய்விட்டது, வேன் வரவில்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை, லாரியும் பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு இரண்டு சக்கர வண்டி. மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் முதலில் நிதானம் போகும், அப்புறம் நினைவு போகும், ஓரம் கட்ட வேண்டும் என்று தோன்றுவதற்கான தெளிவுகூட எல்லா நேரமும் மிஞ்சாது. அன்றைக்கு மிஞ்சியது.

மாத்திரையை நிறுத்திய பிறகும் ஓரிரு நாள் கவனமாக இருங்கள். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், டயட் குளிர்பானம் எதற்கும் உதவாது. அம்மாவின் குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் நான் சொல்வது உறுதி. கருவி இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் குடித்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். சரியானதும் அப்படியே படுத்துவிடக் கூடாது, இந்த மருந்து திரும்பவும் இறக்கும், அதனால் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிட்டே ஆக வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடமும் இன்றே சொல்லிவையுங்கள், எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிட வேண்டும். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழிந்தும் இதே நடுக்கம் வந்தால் அது வேறு கதை, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கோ அன்றே போய்க் காட்டுங்கள்.

மாத்திரை புரோட்டாவை ரத்து செய்துவிடும் என்று நம்பியிருக்கிறீர்கள். அது ஒரு கலோரியைக்கூட ரத்து செய்யாது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடம்புக்குள் தள்ளிச் சேமித்து வைப்பதுதான் இன்சுலினின் வேலை, க்ளிமிபிரைடு அந்த இன்சுலினைத்தான் கூட்டுகிறது. சுகர் நோயாளிகளுக்கே இந்த மருந்தால் இரண்டு மூன்று கிலோ கூடுவது உண்டு. எடை குறைய என்று நினைத்து எடை கூட்டும் மாத்திரையைப் போட்டிருக்கிறீர்கள், அது பசியைக் கிளப்பிப் பிஸ்கட்டைத் தின்ன வைத்திருக்கிறது. மூன்று மாதமும் உங்கள் மனவுறுதிதான் சரியில்லை என்று உங்களையே திட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். தப்பு உங்கள் மனவுறுதியில் இல்லை.

ஆப் கணக்குக்கு வருவோம். அது ஒரு புரோட்டாவுக்கு என்ன எண் காட்டினாலும், வேன் மாஸ்டர் மாவில் எவ்வளவு எண்ணெய் விட்டார், கல்லில் எவ்வளவு ஊற்றினார் என்று அதற்குத் தெரியாது. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120. நம்ம பக்கத்துப் புரோட்டா ஒன்று சுமார் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புரோட்டா, தேங்காய் அரைத்து ஊற்றிய சால்னா, ஒரு டபுள் ஆம்லெட், கொஞ்சம் சிக்கன் பொரித்தது என்றால் அந்த ஒரு வேளையே ஆயிரத்தைத் தாண்டிவிடும். கூட ஒரு சர்பத் குடித்தால் அதன் சர்க்கரை வேறு. நாள் முழுக்க 1200 என்று நீங்கள் எழுதுவது பொய் இல்லை, ஆனால் அந்த எண் உங்கள் தட்டில் இருந்ததும் இல்லை.

அதற்காக வேன் கடைக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்குச் சூடாக ஒரு தட்டு கிடைப்பதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? இரண்டு தோசை, எண்ணெய் கம்மியாக ஒரு ஆம்லெட் என்று கேளுங்கள், வாரத்தில் நாலு நாள் வருகிறவர் கேட்டால் எந்த மாஸ்டரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கஞ்சியும் பயறும் போடுகிற தட்டுக்கடை வழியில் இருந்தால் இன்னும் நல்லது. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடலாம், கிழங்கு கைப்பிடி அளவு, மீன் கூடுதல், பொரித்த மீனுக்குப் பதில் கறியில் கிடக்கிற சாளையோ அயிலையோ. புரோட்டா வேண்டுமென்றால் வாரத்தில் ஒரு நாள், ஒன்று, சால்னாவில் ஊறப்போடாமல். முக்கியமாக மதியம் சாப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டை மிச்சம் பிடித்து ராத்திரிக்குச் செலவழிப்பதுதான் உங்கள் கணக்கையே கவிழ்க்கிறது, ஒன்பதரை மணிக்கு அந்தக் கல்லின் வாசனைக்கு முன்னால் காலி வயிறு எதைக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். 1200 என்பதையும் விடுங்கள், 1500 பக்கம் வைத்துக்கொண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள், ஐந்து மணிக்கு இரண்டு மட்டிப்பழமோ ஒரு கைப்பிடி கடலையோ சேருங்கள். உங்கள் உயரத்துக்கு எடை கூடுதல்தான், மறைக்கவில்லை. மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும்.

மைதா வீடியோவை அழித்துவிடுங்கள். அவர்கள் சொல்கிற அலோக்சான் ஆய்வகத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்கப் பெரிய அளவில் ஊசியாகப் போடும் ரசாயனம், புரோட்டா தின்றதால் மனிதக் கணையம் அப்படி அழிந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. மைதாவின் குறை, நார்ச்சத்து இல்லை, சட்டென்று சர்க்கரையாகிறது, எண்ணெயைக் குடிக்கிறது, அவ்வளவுதான். அஜினோமோட்டோவை மறந்துவிடுங்கள். எண்ணெய் விஷயத்தில் உங்கள் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது, கறுத்து, நுரைத்து, புகையோடு கார வாடை அடிக்கிற சட்டியில் பொரித்ததை வாங்காதீர்கள். அதைவிட நான் பயப்படுவது மயோனைசுக்கு, பச்சை முட்டையில் செய்ததற்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டு தடையே போட்டது. காலையில் வயிறு கலக்குவதற்கு வேன்காரரைக் குறை சொல்ல வேண்டாம், பாவம், அது பெரும்பாலும் மெட்ஃபார்மின் செய்கிற வேலை, மாத்திரை நின்றதும் நிற்கும். முடி கொட்டுவது பட்டினியாலும் புரதம் குறைவதாலும் இருக்கலாம், ரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபினும் தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, சுகர் ஆரம்பித்துவிட்டதா? அதை நடுக்கம் சொல்லாது, வீடியோ சொல்லாது, ரத்தப் பரிசோதனை சொல்லும். மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் கழித்து, வெறும் வயிற்றில் ஒன்று, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸுக்குப் பிறகு 200, ஹெச்பிஏ1சி 6.5, இவற்றுக்குக் கீழே இருந்தால் சுகர் இல்லை. ஹெச்பிஏ1சி 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில் நின்றால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம், அப்போதும் கைமீறிப் போய்விடவில்லை. அப்படி வாசலில் நின்ற இந்தியர்களை மூன்று வருடம் போலப் பின்தொடர்ந்து சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே சுகர் வருவதை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது, அதோடு மெட்ஃபார்மினையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல், அது உண்மை, அதனால் வருடம் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வலிக்கும். அம்மாவின் விரல் புரோட்டாவால் போகவில்லை. பல வருடம் சர்க்கரை கட்டுக்குள் வராமல் பாதத்தில் உணர்ச்சி மரத்து, செருப்புக் கடித்ததோ முள் குத்தியதோ தெரியாமல், புண் புரையோடின பிறகு பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. அந்த மாத்திரைகள் அம்மாவின் மீதி ஒன்பது விரலுக்கானவை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நீங்கள் எடுத்தால் மாதக் கடைசியில் அம்மாவுக்கு அத்தனை வேளை குறையும், குறைந்ததைச் சொல்லாமல் அவர் சமாளித்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அம்மாவிடம் உண்மையைச் சொல்லி அட்டையை எண்ணிப் பாருங்கள், குறைந்திருந்தால் இன்றே வாங்கி வையுங்கள்.

அப்புறம் இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போட்டு அம்மாவின் இரண்டு பாதங்களையும் பாருங்கள், விரல் இடுக்குகள், குதிகால், அடிப்பாதம் எல்லாம். சிவப்போ கொப்புளமோ வெடிப்பில் ஈரமோ இருந்தால் காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.