வீட்டுப் பத்திரத்தை வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அவள் பிசிக்ஸ் படிக்கட்டும்

ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து, அரிசிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். காவலூர் வான் ஆய்வகத்தைப் பார்த்து வந்த நாளிலிருந்து, விண்மீன்களைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாளாம். பெரியப்பாவோ ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்துவிட்டார். ஹாஸ்டலோடு சேர்த்துப் பதினாறு லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டத் திட்டம். "ரெண்டு பக்கமும் மனசு கோணாம ஒரு வழி சொல்லுங்க சார்" என்கிறார்.

உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஆனால் யார் மனசும் கோணாத வழி என்று ஒன்று இதில் கிடையாது. பத்திரத்தைத் தொடாதீர்கள். பிடிக்காத படிப்புக்கு வீட்டை அடகு வைத்தால், கடன் முடியும்வரை அந்தப் பெண் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரியப்பா அக்கறையில் பேசுகிறார், அதை மறுக்கவில்லை. தவணை கட்டப்போவது நீங்கள்.

பி.இ., மெடிக்கல் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மகள் ஒரு கேள்வி கேட்டதாக எழுதியிருந்தீர்களே, "எல்லா கேலக்ஸியிலும் பெரிய நட்சத்திரமும் சின்ன நட்சத்திரமும் ஒரே கணக்கில்தான் கலந்திருக்குமா?" என்று. கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டம். அது விளையாட்டுக் கேள்வி இல்லை. இன்றுவரை விடை முடிவாகாத ஆராய்ச்சிக் கேள்வி.

1955-ல் எட்வின் சால்பீட்டர் என்ற வானியற்பியலாளர் சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள விண்மீன்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். நிறை பத்து மடங்கு கூடும்போது எண்ணிக்கை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. கனமானவை மிகக் குறைவு. பெரும்பாலானவை சூரியனில் பாதி நிறைகூட இல்லாத மங்கலான சின்ன விண்மீன்கள், சிவப்புக் குறுமீன்கள் என்பார்கள். இந்தக் கலவை எங்கும் ஒன்றுதான் என்று பல காலம் எடுத்துக்கொண்டார்கள். 2010-ல் வான் டொக்கும், கான்ராய் என்ற இரு வானியலாளர்கள், ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் பெரிய நீள்வட்ட கேலக்ஸிகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அங்கே குறுமீன்கள் நம் பால்வீதியில் உள்ளதைவிட அதிகம் என்றார்கள். அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் நெருங்கிப் பார்த்தன. அந்தக் கூடுதல் கேலக்ஸியின் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கிறது, வெளியே போகப்போகக் கலவை நம்முடையதைப் போல ஆகிவிடுகிறது என்றன.

அவ்வளவு தூரத்தில் ஒவ்வொரு விண்மீனாக எண்ண முடியாது. உங்கள் கடையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே நொய் எவ்வளவு என்று சொல்கிறீர்கள் இல்லையா, அப்படி மொத்த ஒளியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒளியைப் பிரித்தால் வரும் நிறமாலையில், 820 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே சோடியத்தின் கோடுகளும், 990 அருகே இரும்பு ஹைட்ரைடின் பட்டையும் இருக்கின்றன. குறுமீன்களில் இவை அழுத்தமாக விழும், பெரிய சிவப்பு விண்மீன்களில் லேசாக. ஆனால் சோடியமே அதிகமாக இருக்கும் கேலக்ஸியிலும் அந்தக் கோடு அழுத்தமாகத்தான் தெரியும். குறுமீன் அதிகமா, சோடியம் அதிகமா என்று பிரித்துச் சொல்வதில்தான் சண்டை. ஈஎஸ்ஓ 325-ஜி004 என்ற கனத்த கேலக்ஸியை ஈர்ப்பு வில்லை மூலம், அதாவது பின்னாலிருந்து வரும் ஒளியை அதன் ஈர்ப்பு எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து எடைபோட்டபோது, கூடுதல் குறுமீன்களுக்கு இடமே இல்லை என்று வந்தது. குறுமீன் அதிகம் ஒளி தராது, எடை தரும். கலவையைத் தப்பாக எடுத்தால் கேலக்ஸியின் எடையே இரண்டு மடங்குவரை பிசகும். அதனால்தான் இதை விடாமல் துரத்துகிறார்கள்.

இதற்குள் நுழையத் தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை. நியூ மெக்சிகோவில் இருக்கும் 2.5 மீட்டர் தொலைநோக்கியால் மங்கா என்ற திட்டம் சுமார் 10,000 கேலக்ஸிகளைப் பகுதி பகுதியாக நிறமாலை எடுத்திருக்கிறது. நான் சொன்ன இரண்டு அடையாளங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. தரவு முழுவதும் இலவசம். பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்த, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பெண் சாதாரண லேப்டாப்பில் இறக்கி, நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் சோடியக் கோடு எப்படி மாறுகிறது என்று தானே வரைந்து பார்க்கலாம்.

ஆகவே வழி இது. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் துணைப்பாடமாக. கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு. ஐஐடிகளில் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு ஐஐஎஸ்சியில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கும் அதுதான் வாசல். ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஜெஸ்ட் தேர்வையும் எழுதட்டும். இடையில் கோடை விடுமுறைகளில் இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். பிஎச்.டி.க்கு நீங்கள் கடன் வாங்க வேண்டாம், ஆய்வு உதவித்தொகை உண்டு. 2023-லிருந்து அது மாதத்துக்கு 37,000 ரூபாய், சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. "பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலைதான்" என்பவரிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். வானியலில் நிரந்தர வேலைகள் குறைவு. பிஎச்.டி. முடித்து வெளிநாட்டில் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வு வேலை பார்க்க வேண்டிவரலாம். அதற்குள் கல்யாணப் பேச்சு எழும், அவள் கேட்காமல் அதை எடுக்காதீர்கள். பாதியில் விலகினாலும், தரவைப் பிரித்து மேயும் பழக்கம் எந்த ஐ.டி. நிறுவனத்திலும் விலைபோகும். கடனில்லாமல் அந்த வாசலுக்கே வந்து சேர்வாள்.

ஒரு நிபந்தனை. அவளுக்குப் பிடித்திருப்பது கேலக்ஸியின் படங்கள் மட்டும்தானா, கணக்குமா என்று பார்க்க வேண்டும். சால்பீட்டரின் விகிதத்தை எடுத்துக்கொண்டு, சூரியனைப்போல் ஐந்து மடங்கு நிறையுள்ள ஒரு விண்மீனுக்குச் சூரியன் போன்றவை எத்தனை இருக்கும் என்று லாகரிதம் போட்டு அவளே கண்டுபிடிக்கட்டும். இரண்டு நாள் மல்லுக்கட்டி விடையோடு வந்தால் கலைக் கல்லூரி இணைய விண்ணப்பத்தை அன்றைக்கே போடுங்கள். நோட்டைத் திறக்கவே மனமில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு பேசுவோம். எப்படியானாலும் கோட்டா சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பெரியப்பா ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதை வாங்கிக்கொண்டு வகுப்பு தொடங்குமுன் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள்.