பார்த்த ஆளே மறுபடி வரட்டும்

கேள்வி: நாலு பேர் ஒரு டீமாக ஆடும் மொபைல் கேம் செய்திருக்கிறோமுங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சர்வரே ஆள் சேர்த்துவிடும். மொத்தம் ஆறு மோட் (ஆட்ட வகை). சாட், வாய்ஸ், ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் எல்லாம் முதல் ஆட்டத்திலேயே திறந்திருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு 200 பேர் ஆன்லைனில் இருந்தும் யாரும் யாரோடும் ஒட்டமாட்டேங்கிறாங்க. ஏனுங்க?
- ஒரு வாசகர், பீளமேடு

பதில்: ஒட்டுவதற்குள் நீங்களே பிரித்துவிடுகிறீர்கள். ஆட்டம் முடிந்ததும் நாலு பேரையும் கலைத்து, அடுத்ததற்குப் புது ஆட்களைச் சேர்த்தால் முகம் எப்படிப் பழகும்?

நம் பக்கம் வள்ளி கும்மி பழகுவதைப் பாருங்கள். சாயங்காலமானால் அதே இடம், அதே ஆட்கள். அடி தப்பினால் பக்கத்தில் ஆடுபவரின் காலைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். பேச்சு அதற்கப்புறம்தான். அரங்கேற்றத்துக்குள் அண்ணா, அக்கா, மாமா என்று முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

2009 டிசம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் கேம், டீமுக்குத் தானாகவே ஆள் சேர்க்கும் 'டஞ்சன் ஃபைண்டர்' வசதியைக் கொண்டுவந்தது. அதுவரை ஐந்து பேரைத் திரட்ட சாட்டில் கூவிக்கொண்டு கிடக்க வேண்டும். ஆனால் நன்றாக ஆடுபவர் யார், பாதியில் ஓடுபவர் யார் என்பது அந்தந்த சர்வரில் ஆடுபவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல சர்வர் ஆட்களைத் தானாகவே சேர்க்கத் தொடங்கியதும் காத்திருப்பு குறைந்தது. கூட ஆடியவரை மறுபடி பார்க்கும் வாய்ப்பும் அதோடு குறைந்தது.

முதலில் ஆறு மோடை இரண்டாகக் குறையுங்கள். 200 பேரை ஆறாகப் பிரித்தால் மோடுக்கு 33 பேர்தான், எட்டு டீம். ஆட்டம் முடிந்த திரையில் 'இதே டீம்' என்று பெரிய பொத்தான், 20 நொடி அவகாசம். இரண்டு பேர் மட்டும் அழுத்தினாலும் அந்த இருவரைப் பிரிக்காமல் மீதி இரண்டு இடத்தை நிரப்புங்கள். ஆள் சேர்க்கும்போது திறமை வித்தியாசத்தைக் கொஞ்சம் தளர்த்தி, முன்பு சேர்ந்து ஆடியவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அடுத்து, பங்குச் சண்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் எடுத்த பொருள் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனால், டீமில் வந்து சேர்பவர் பங்காளியாகத்தான் தெரிவார். 2012இல் வந்த 'கில்ட் வார்ஸ் 2'வில் ஒரே கனிமப் பாறையை எல்லாரும் வெட்டலாம். அவரவர் பங்கு அவரவருக்கு. விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிட்டால் அனுபவப் புள்ளியும் உண்டு. அதே ஆண்டு வந்த 'ஜர்னி'யைச் செய்யும்போது, சோதித்து ஆடியவர்கள் ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளினார்கள். உடனே தள்ளும் வசதியையே எடுத்துவிட்டு, பக்கத்தில் வந்தால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும்படி மாற்றினார்கள். அதே மனிதர்கள்தான், கையில் கொடுத்த வசதி மாறியதும் நடத்தையும் மாறியது.

வாய்ஸை முதல் ஆட்டத்திலேயே திறந்தது பெரிய தவறு. வசவு அங்கேதான் பிறக்கிறது. குரலை வைத்துப் பெண் என்று தெரிந்ததும் தொல்லை கொடுக்க ஆள் வரும், அந்தப் பெண் அன்றோடு போய்விடுவார். 2019இல் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஒரு பொத்தானாலேயே 'இங்கே எதிரி', 'இங்கே துப்பாக்கி' என்று காட்ட வைத்தது. பேசாமலே உதவி நடந்தது. நீங்களும் சைகையில் தொடங்குங்கள், பிறகு தயார் வாக்கியங்கள், நண்பரான பின் சாட், இருவரும் சம்மதித்தால் மட்டும் வாய்ஸ். ஃப்ரெண்ட் ரிக்வெஸ்டை அதே இருவர் மூன்றாம் தடவை சேரும்போது காட்டுங்கள்.

டவுன்லோட் கணக்கை விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் சேர்ந்து ஆடிய ஜோடிகளை எண்ணுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்பே இந்த வாரக் கணக்கை எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும்.