தடைக்காலத்தில் முடங்கிய தம்பி: வருத்தமா, நோயா?

கேள்வி: பாம்பனில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் என் தம்பி, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு மாதமாக வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறான். கேட்டால் 'டிப்ரஷன்' என்கிறான். கடலுக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

மனநல மருத்துவர் பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் இல்லாதவர் வருந்தாமல் இருந்தால்தான் வியப்பு. அந்த வருத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம். அப்படிப்பட்டவர், கூட்டாளிகள் வலை சீர்செய்யக் கூப்பிட்டால் எழுந்து போவார். பிள்ளை மடியில் ஏறினால் சிரிப்பார். மனச்சோர்வு நோயில் பெரும்பாலும் அந்தச் சிரிப்பும் வராது. இரண்டு வாரமாக, ஏறக்குறைய எல்லா நாளும் மனம் கனத்தோ எதிலும் பிடிப்பின்றியோ இருந்து, அதோடு பசி, தூக்கம், கவனம் கெட்டு, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணமும் சேர்ந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

தூக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. விடியுமுன் விழிப்புத் தட்டுவது இந்நோயின் அறிகுறி. கடல் தொழிலாளிக்கோ அது பழகிப்போன ஒன்று. ஆகவே எழும் நேரத்தை விடுங்கள். காலையில் மனநிலை மிக மோசமாகவும் மாலையில் சற்றுத் தெளிந்தும் இருக்கிறதா என்று கவனியுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; மது சோர்வைக் கூட்டும். தைராய்டு குறைபாடும் இதே தோற்றம் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஏர்வாடிக்குப் போவதை நான் தடுக்கமாட்டேன். தர்காவை ஒட்டியே 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டத்தில் அரசு மனநல சிகிச்சை தருகிறது. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஆனால் எந்தக் காப்பகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

சாகும் எண்ணம் வருகிறதா என்று தம்பியிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைபோல அடிமைப்படுத்துபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. சில மாத்திரைகள் தூக்கம் தரும். படகில் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.