குடுவையில் வளரும் வல்லாரையில் மருந்துச் சத்தைக் கூட்டுவது எப்படி?

கேள்வி: திசு வளர்ப்பில் வல்லாரைத் தளிர்கள் செழிப்பாக வருகின்றன. ஆனால் அவற்றின் மருந்துச் சத்தான ஏசியாட்டிகோசைடு அளவு வயல் செடியைவிடக் குறைவு. செடியின் தற்காப்பைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட்டை 200 மைக்ரோமோலார் அளவில் முதல் நாளே ஊடகத்தில் கலந்தேன். தளிர்கள் வளராமல் மஞ்சளாகிவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: அளவும் அதிகம், சேர்த்த நாளும் தவறு. ஏசியாட்டிகோசைடு செடியின் தற்காப்புச் சரக்கு. பூச்சியோ நோயோ தாக்கும்போது செடிக்குள் ஜாஸ்மோனேட் உயர்கிறது. உடனே வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு செடி இதைத் தயாரிக்கத் தொடங்குகிறது. முதல் நாளே அந்தச் சமிக்ஞை கிடைத்தால் வளர்ச்சி நின்றுவிடும், சேர்மத்தைத் தயாரிக்க இலையும் இருக்காது.

ஆகவே வேலையை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் நான்கு வாரம் எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) எனும் வழக்கமான திசு வளர்ப்பு ஊடகம், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, அமிலகார நிலை 5.8, தூண்டி (ஜாஸ்மோனேட் போன்றவை) எதுவும் வேண்டாம். தளிராகவே வளருங்கள். இலை, தண்டு என உருப்பெறாத கேலஸ் திசுவில் இந்தச் சேர்மம் மிகக் குறைவு, வல்லாரையில் அது சேருமிடம் இலைதான். வளர்ச்சி வேகம் தணியும்போது தளிர்களைப் புதிய திரவ ஊடகத்துக்கு மாற்றி, தூண்டியைச் சேருங்கள்.

224 மில்லிகிராம் மெத்தில் ஜாஸ்மோனேட்டை 10 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 100 மில்லிமோலார் மூலக்கரைசல் கிடைக்கும். லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார். அரை மில்லிலிட்டர் என்றால் 50. இரண்டையும் சோதித்துப் பாருங்கள். இது ஆவியாகும் பொருள், ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வைக்கக் கூடாது. எத்தனாலைத் தாங்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறிய பிறகு சேருங்கள்.

ஒப்பீட்டுக் குடுவைகளில் அதே அளவு எத்தனால் மட்டும் சேருங்கள். அவற்றை வேறு அறையில் வையுங்கள்! ஜாஸ்மோனேட் ஆவி பக்கத்துக் குடுவைக்குள் நுழைந்து அங்குள்ள செடியையும் தூண்டிவிடும். பிறகு வித்தியாசமே தெரியாது. இதைக் கவனிக்காமல் 'தூண்டி வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டினால் உழைப்பு முழுவதும் வீண்.

3, 7, 10, 14-ஆம் நாள்களில் சில குடுவைகளை எடுத்துச் சோதியுங்கள். உச்சம் வரும் நாள் உங்கள் செடி வகையைப் பொறுத்தது. இலை விளிம்பு பழுப்பாகத் தொடங்கினால் 14 வரை காத்திருக்க வேண்டாம். அறுவடை செய்தவுடன் 40 டிகிரியில் மெல்லிய அடுக்காக உலர்த்துங்கள். ஈரமாகக் குவிந்து கிடந்தால் இலையின் நொதிகளே சேர்மத்தைச் சிதைக்கும்.

ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். லிட்டருக்கு 10 கிராம் உலர் இலை, கிராமுக்கு 5 மில்லிகிராம் என்றால் மொத்தம் 50. தூண்டியதும் கிராமுக்கு 8 ஆகி, இலை 6 கிராமாகக் குறைந்தால் மொத்தம் 48தான், நட்டம். அப்படி வந்தால் தூண்டியின் அளவைப் பாதியாக்குங்கள், அல்லது ஒரு வாரம் தள்ளிச் சேருங்கள்.

சாலிசிலிக் அமிலம், கைட்டோசான் போன்ற வேறு தூண்டிகளும் உண்டு. ஏசியாட்டிகோசைடு போன்ற ட்ரைட்டர்பீன் சேர்மங்களுக்கு ஜாஸ்மோனேட்டையே முதலில் சரிப்படுத்துங்கள். ஒரே தடவையில் இரண்டைக் கலந்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.