திரிப்போலி வீட்டுத் தொடுகறிகள்

கேள்வி: நீங்கள் லிபியாவில் நர்ஸாக இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நம் பொரியல், கூட்டு மாதிரி அங்கே தொட்டுக்கொள்ள என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டில் நான் மட்டும் சைவம். எனக்கும் ஒன்று சொல்லுங்கள்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கேட்டதும் எனக்கு ம்பத்தன் வாசனைதான் வந்தது. உருளைக்கிழங்குக்குள் கொத்துக்கறி வைத்துப் பொரிப்பது. சட்டைக்கு உள்துணி வைத்துத் தைப்பதைச் சொல்லும் அரபுச் சொல்தான் அதன் பெயர். ரமலான் மாலையில் பேரீச்சம்பழம், அப்புறம் ஷோர்பா என்ற சூடான சூப், பக்கத்திலேயே ம்பத்தன் தட்டு. எங்கள் கீழ்வீட்டு ஹாஜ்ஜா (வயதான அம்மாக்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்கென்று நாலு துண்டு எடுத்து வைத்து அனுப்புவார். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ஊரிலிருந்து கொண்டுபோன கடலைப்பருப்பில் மசால்வடை சுட்டு வைத்து அனுப்புவேன்.

அதை அவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நல்ல பெரிய, நீளமான கிழங்காக எடுப்பார். முதல் வெட்டு அடிவரை போகாது, அரை விரல் உயரத்தில் நின்றுவிடும். அடுத்த வெட்டு முழுதாக இறங்கும். துண்டு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு புத்தகம் போலத் திறக்கும். உப்புத் தண்ணீரில் சற்று நேரம் போட்டுவைத்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆட்டுக்கறிக் கொத்தில் வெங்காயம், பார்ஸ்லி, கொத்தமல்லி, மிளகு, பட்டை, மஞ்சள். வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழிந்த பிறகே சேர்ப்பார். அதைப் பிழியாமல் நான் செய்த அன்று வாணலி முழுக்க எண்ணெய் தெறித்தது, கறியும் வாய்திறந்து வெளியே வந்துவிட்டது. கறியை வைத்து அழுத்தி, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். அப்புறம் தட்டில் அடுக்கி, கொஞ்சம் தக்காளித் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வேகவிடுவார். கிழங்கு உள்வரை வெந்துவிடும்.

லிபியத் தலைநகரான திரிப்போலியின் யூதர்கள் இதையே மஃப்ரூம் என்பார்கள். பொரித்ததைத் தக்காளிக் குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு குஸ்குஸோடு (ரவையை உதிரியாக ஆவியில் வேகவைப்பது) சாப்பிடுவார்கள். 1949 முதல் 1951 வரை 30,000-க்கும் மேற்பட்டவர்கள் லிபியாவை விட்டு இஸ்ரேல் போனபோது மஃப்ரூமும் கூடவே போனது.

குஸ்குஸின் மேலே புஸ்லா வரும். நீளமாக அரிந்த வெங்காயமும் கொண்டைக்கடலையும் நெய்யில் மெல்ல வதங்கியது. குழம்பில் ஆட்டுக்கறி இருந்தாலும் என் கண் முதலில் இந்த வெங்காயத்தின் மேல்தான் போகும். பார்லி மாவுக் களியான பசீனுக்கு உப்பில் ஊறிய மிளகாயைக் கடித்துக்கொள்வார்கள்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது திர்ஷி. இதுவும் அந்த யூத வீடுகளின் பண்டம். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, இடித்த பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், கராவியாப் பொடி சேர்த்தால் போதும், ஆறவைத்து ரொட்டியோடு சாப்பிடலாம். இனிப்பும் காரமும் புளிப்பும் ஒன்றாக வரும். நம் பரங்கிக்காய்ப் பச்சடி பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

கராவியா பார்க்கச் சீரகம் மாதிரியே வளைந்திருக்கும், வாசனை வேறு. கிடைக்கவில்லை என்று சீரகம் போடாதீர்கள், திர்ஷியின் மணமே போய்விடும். கேக் சாமான் விற்கும் கடைகளில் கேரவே என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், நம் ஊர்ப் பரங்கி நீர்விடும். வெந்ததை மெல்லிய துணியில் கட்டி அரைமணி நேரம் தொங்கவிட்டு அப்புறம் மசியுங்கள்.