அம்மாவை எப்போது கூப்பிடலாம்? – கனடா ஸ்பான்சர் கேள்விகள்

கேள்வி: 2022இல் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து வந்தேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா, அப்பாவை ஸ்பான்சர் செய்ய எங்கே பெயர் பதிவது? (ஸ்காபரோ)

பதில்: உங்களால் இப்போது பதிய முடியாது. பெற்றோரை ஸ்பான்சர் செய்ய விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் விருப்பப் படிவம் கடைசியாகத் திறந்தது 2020 இலையுதிர் காலத்தில். அதன் பிறகு 2025 வரை விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பிய அழைப்புகள் எல்லாம் அப்போது பெயர் கொடுத்தவர்களிலிருந்து குலுக்கி எடுத்தவைதான். 2025இல் 10,000 விண்ணப்பங்களை எடுக்க 17,860 பேரை அழைத்தார்கள். “பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துத் தருகிறேன்” என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, அதுவரை? பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கும் சூப்பர் விசா இருக்கிறது. ஒரு தடவை வந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம். மருத்துவப் பரிசோதனை, உங்கள் வருமானச் சான்று, ஓராண்டுக்குக் குறையாத 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரையோ இதய வருத்தமோ இருந்தால் பிரீமியம் கையைக் கடிக்கும்; டிக்கெட் போடுமுன் விலை கேளுங்கள்.

படிவம் மறுபடி திறந்தால், கடந்த 3 வரி ஆண்டுகளின் வருமானத்தைப் பார்ப்பார்கள். குடும்பத்தின் அளவுக்கேற்ப அரசு வைத்திருக்கும் குறைந்த வருமானக் கோட்டுக்கு மேல் 30 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குடும்பத்தை எண்ணும்போது வரப்போகும் பெற்றோரையும், முன்பு நீங்கள் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டு இன்னும் பொறுப்பு முடியாதவர்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். கணவன் அல்லது மனைவியின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் வரியில் காட்டாமல் கையில் காசாக வாங்கிய சம்பளம் இங்கே ஒரு சதத்துக்கும் உதவாது. நம்மவர்கள் பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பெற்றோரின் செலவுக்கு நீங்கள் பொறுப்பேற்கும் காலம் 20 ஆண்டுகள் (கியூபெக்கில் விதிகள் வேறு). அதற்குள் அவர்கள் அரசு உதவிப்பணம் எடுத்தால், திருப்பிக் கட்ட வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: கடையில் பகுதிநேர வேலைதான். மனைவியைக் கூப்பிட வருமானம் போதுமா? பேசிச் செய்த கல்யாணம், நம்புவார்களா? (பிரம்டன்)

பதில்: மனைவிக்குப் பொதுவாக வருமான வரம்பு கிடையாது. ஆனால் நீங்கள் அரசு உதவிப்பணத்தில் இருக்கக் கூடாது. இயலாமைக்காக எடுப்பது மட்டும் விலக்கு. பொறுப்பு 3 ஆண்டுகள். இடையில் விவாகரத்து ஆனாலும் அது உங்களை விட்டுப் போகாது.

பேசிச் செய்ததை மறைத்து, காதல் கதை ஒன்றைச் சோடித்து எழுதாதீர்கள். யார் சம்பந்தம் பேசினார்கள், சாதகம் எப்போது பார்த்தார்கள், எப்போது நேரில் சந்தித்தீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு போய் வந்தது, அனுப்பிய பணம், பேசிய அழைப்புகள் ஆகியவைதான் கோப்பைத் தூக்கி நிறுத்தும். மண்டபத்து ஆல்பம் மட்டும் போதாது. அப்புறம் ஒன்று: ஜூம் வழியாகத் தாலி கட்டியிருந்தால் சிக்கல். 2015 ஜூன் 11 முதல், மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் நடந்த கல்யாணம் ஸ்பான்சருக்குப் பொதுவாகச் செல்லாது.

கேள்வி: மகளுக்கு 21 முடிந்து ஒன்பது மாதம். தாயோடு சேர்த்துக் கூப்பிடலாமா? (மார்க்கம்)

பதில்: 22 வயதுக்குள் இருந்தால் சரி. முழுமையான விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் இருக்கும் வயதையே கடைசிவரை கணக்கில் எடுப்பார்கள். முழுமையான என்பதைக் கவனியுங்கள்: ஒரு தாள் குறைந்து கோப்புத் திரும்பி வந்தால், உங்களிடம் இருக்கும் மூன்று மாதமும் அதிலேயே போய்விடும். நல்ல சம்பந்தம் வந்தது என்று இடையில் கட்டிக்கொடுத்தாலும் வாய்ப்புப் போய்விடும்.

கேள்வி: கோவையில் இருக்கும் அண்ணனை? (மிசிசாகா)

பதில்: மிக அபூர்வமான சில நிலைமைகள் தவிர முடியாது. படிப்பும் ஆங்கிலமும் இருந்தால் அவரே எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி போட்டுத் திறமையாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) விண்ணப்பிக்கட்டும். பி.ஆர். அல்லது குடியுரிமையோடு நீங்கள் இங்கே இருப்பதற்காக அவருக்கு 15 புள்ளிகள் கிடைக்கும்.