எம்ஜிபி காரின் பின்பக்க வயர்க் கட்டை உள்ளால் எடுப்பதா, அடியால் எடுப்பதா?

1960களின் கூரை மடங்கும் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ஒன்றைப் பிரித்துப் புதுப்பித்து வருவதாகவும், பின்பக்க வயர்க் கட்டை (முன்னாலிருந்து பின்விளக்குகளுக்கும் பெற்றோல் பம்புக்கும் போகும் வயர்த் தொகுதியை) தொழிற்சாலையில் விட்டபடியே காருக்கு அடியால் கொண்டுபோவதா, அல்லது கொழும்பு மழைக்குப் பயந்து உள்ளே கம்பளத்துக்குக் கீழால் கொண்டுபோவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடியால் கொண்டுபோங்கள். டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் முடிந்து, கையிருப்பும் பொறுமையும் கரைந்து, "வயரிங்தானே, உள்ளால் இழுத்துவிட்டால் ஒரு நாளில் முடிந்துவிடும்" என்று கராஜில் யாரோ சொல்லும் கட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் மின்வேலையைத் தொழிலாகச் செய்பவன் அல்லன். ஆனால் அந்த ஒரு நாள் வேலையின் விளைவைச் சொந்தச் செலவில் அனுபவித்தவன்.

என்னிடம் இருக்கும் எம்ஜிபி, நான் வாங்குவதற்கு முன்பே இங்குள்ள ஒரு கராஜில் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்ற பெயரோடு வந்த கார். பெயின்ட் கண்ணாடி போல இருந்தது. பின்பக்க வயர்க் கட்டு மட்டும் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழால், கம்பளத்துக்கு அடியில், ஒரே சிவப்பு நிற வயர்களாக ஓடியது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் சுருளாக வாங்கிய வயராக இருக்க வேண்டும். ஒக்டோபர் மாத மழையொன்றில் வெள்ளவத்தையில், காலி வீதியின் நடுவில், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து கேட்க வேண்டிய பெற்றோல் பம்பின் "டிக் டிக்" ஓசை கேட்கவில்லை. பின்னால் நின்ற பஸ் சாரதி ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

இங்குள்ள மின்வேலை பாஸ்மார் (கராஜ் வேலைக்காரர்) பலர் மொரிஸ் மைனரில் கைபழகியவர்கள். மொரிஸ் மைனரில் எஸ்யூ நிறுவனத்தின் பெற்றோல் பம்ப் முன்னால், எஞ்சின் அறையிலேயே இருக்கிறது; பின்னால் போகும் வயர் அறுந்தால் விளக்கு அணையுமே தவிர கார் ஓடும். எம்ஜிபியில் பம்ப் பின்புறத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பற்றரிப் பெட்டிக்கு அருகில் இருப்பதால், பின்பக்க வயர்க் கட்டில் உள்ள ஒற்றை வெள்ளை வயர்தான் காரின் ஓட்டத்தையே தீர்மானிக்கிறது. அதைவிட மோசமானது, அந்தக் காலத்து லூக்கஸ் நிறுவன வயரிங்கில் வெள்ளை என்றால் சாவி வழியாக வந்து பியூஸ் எதையும் கடக்காத மின்சாரம் என்பதுதான். பியூஸைக் கடந்து வரும் பச்சை வயர் காரின் தகட்டில் உரசினால் பியூஸ் போகும். வெள்ளை உரசினால் வயர்க் கட்டே உருகும். என் காரில் ஈரம் செப்பைப் பச்சையாக அரித்து வயரை அறுத்ததோடு நின்றது. உருகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியிலிருந்த பஞ்சு மெத்தை பிழிந்தால் தண்ணீர் வடியும் நிலையில் இருந்தது. எல்லோரும் தலைகீழாக நினைப்பது இந்த இடத்தில்தான். மூடிய கார்கள் பலவற்றில் பின்பக்க வயரைக் கதவுகளுக்கு மேலால், கூரையின் ஓரமாகக் கொண்டுபோக இடமுண்டு. கூரை மடங்கும் காரில் அந்த வழியே இல்லை; தரை மட்டத்தில்தான் போயாக வேண்டும். அந்தக் காரின் உட்தரையோ, கண்ணாடிச் சட்டத்துக்கும் கன்வஸுக்கும் இடையாலும் கதவு ஓரத்தாலும் வரும் நீரெல்லாம் வந்து தேங்கும் இடம். காருக்கு அடியில் தெறிக்கும் நீர் சொட்டிவிடும், ஓடும்போது காற்றில் காய்ந்தும்விடும். உள்ளே புகுந்த நீரைக் கம்பளம் வாரக்கணக்கில் வைத்திருக்கும்; வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். இருக்கையின் தண்டவாளத் திருகுகள், காலால் மிதிபடுதல் ஆகியவற்றை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

நான் வேறொரு பாஸிடம் காரைக் கொண்டுபோனபோது அவரும் முதலில், "ஐயா, உள்ளால எடுத்தா மழைத்தண்ணி படாது, அடியால போனா ரெண்டு வருஷத்தில உக்கிப்போகும்" என்றுதான் சொன்னார். பிழிந்த மெத்தையைக் காட்டிய பிறகு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல வேலைக்காரர். பிழை அவரிடம் இல்லை. வெளியே தெரியும் பெயின்டுக்கு இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, வயரிங்குக்கு மிச்சமிருப்பதைக் கொடுக்கும் நம் பழக்கத்தில்தான் இருக்கிறது. இந்தக் கார்களைத் திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் ஆசையும் இதற்கு ஒரு காரணம்: மாப்பிள்ளை பொனட்டைத் திறந்து பார்க்கவா போகிறார்?

இனி அடியால் எடுக்கும் முறை. எம்ஜிபியின் தரைத்தகட்டுக்குக் கீழே சிறிய தகட்டு நாக்குகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். வயர்க் கட்டை அவற்றுக்குள் வைத்து நாக்கை மடிப்பார்கள். புதிய தரைத்தகடு போட்ட கார்களில் டிங்கர் வேலைக்காரர் இவற்றை வெட்டி எறிந்திருப்பது வழக்கம். அப்படியானால், பெயின்ட் பூசுவதற்கு முன்பே அவற்றைத் திரும்பப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பூசிவிட்டார்கள் என்றால் ரப்பர் உறையிட்ட கவ்விகளைத் திருகிப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் பட்டியால் பிரேக் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அதிர்வில் வயரின் உறை தேய்வதும் குழாய் தேய்வதும் அங்கேதான். பின் அச்சு மேலும் கீழும் ஏறி இறங்கும் எல்லைக்கும் சைலன்சர் குழாய்க்கும் எட்டாத தூரத்தில் கட்டு இருக்க வேண்டும்.

பெற்றோல் தாங்கியையும் பின் அச்சையும் பூட்டுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். டிக்கிக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். என் காரில் அது இருக்கவேயில்லை. துளைக்குச் சற்று முன்னால் கட்டைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால், வயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், டிக்கிக்குள் போகாது. இழுக்கும்போது முனையிலுள்ள குண்டு இணைப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிகட்டி டேப்பால் சுற்றினால் குறுகிய துளையிலும் நுழையும்.

நூல் பின்னிய பழைய வகைக் கட்டைத்தான் போட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. தோற்றத்துக்கு அது அழகுதான். கண்காட்சியில் நிறுத்தும் காருக்கு நான் மறுக்கமாட்டேன். கொழும்பில் ஓட்டும் காருக்கு, ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் நூலைக் காருக்கு அடியில் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பிவிசி உறையிட்ட கட்டு போதும். அதன் மேற்சுற்று ஒட்டாத வகை டேப்பாக இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஒட்டுடேப் நம் வெயிலில் பசையாக உருகி, பின்னர் தானே அவிழ்ந்து தொங்கும். இங்கிலாந்திலிருந்து தருவிப்பதானால் காரின் ஆண்டைச் சரியாகக் கொடுங்கள், ஏனெனில் 1967 இன் இறுதிக்கு முன் வந்த எம்ஜிபிகள் நேர்முனை எர்த் (பற்றரியின் நேர்முனை காரின் தகட்டோடு இணைந்தவை), அதற்குப் பின் வந்தவை எதிர்முனை எர்த். அதே மாற்றத்தோடு வயரிங்கும் பல இடங்களில் மாறியது.

டிக்கிக்குள் வந்த பிறகு நிறங்கள் உங்களுக்கு வழிகாட்டும்: பின்விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் சிவப்பு, பிரேக் விளக்கு பச்சையில் ஊதாக் கோடு, இடது சிக்னல் பச்சையில் சிவப்புக் கோடு, வலது சிக்னல் பச்சையில் வெள்ளைக் கோடு, பெற்றோல் மானி பச்சையில் கறுப்புக் கோடு, எர்த் முழுக் கறுப்பு. கறுப்பைப் பொருத்தும் இடத்தில் புதிய பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டைக் காட்ட வேண்டும் என்பதற்குப் பெயின்ட்காரர் கோபிப்பார், கோபிக்கட்டும். எர்த் சரியில்லாவிட்டால் சிக்னல் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து மினுங்கும்.

மீற்றரில் தொடர்ச்சி காட்டுகிறது என்று திருப்திப்பட்டு நாக்குகளை மடித்துவிட வேண்டாம். ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் மீற்றருக்கு நல்ல வயர்தான். பற்றரியைத் தொடுத்து, ஒவ்வொரு வயரின் முனையிலும் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை எரியவைத்து, முழு வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மடியுங்கள். வெள்ளை வயருக்கு மட்டும், அது எஞ்சின் அறையிலிருந்து பின்பக்கம் புறப்படும் இடத்தில், ஒரு சிறிய பியூஸ் கூடு சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டதாக யாராவது குறை சொன்னால், பியூஸ் கூட்டைக் கழற்றிவிட்டு மழைக்காலத்தில் காலி வீதியில் அவரையே ஓட்டச் சொல்லலாம்.